என் தம்பி இருந்த இயக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாக வரும். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று தெரியாது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பேன். மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். நான் தங்கியிருக்கிற வீட்டு மகேஸ்வரிதான், “நீங்கள் கண்டதை எழுதுங்கோ அக்கா, பேப்பர்க்காரர் பாத்துப் போடுவினம்” என்று நோட்டும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பிஜித் தீவு. அதிலும் வடக்குத் தீவில் லம்பாசா. சர்க்கரை மில் இருக்கிற ஊர். அப்பாவும் அம்மாவும் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள். நான் அங்கேயே பிறந்தேன், இந்தியாவைப் பார்த்ததில்லை. எங்கள் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் மெட்ராஸிலிருந்து வந்த வாத்தியார் தமிழ் சொல்லிக்கொடுத்தார். வீட்டை விட்டு இறங்கினால் எல்லோரும் இந்திதான் பேசுவார்கள். ஆனால் எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான்.

டொராண்டோவுக்கு நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் தம்பி துரைசாமிக்குச் சாட்சி சொல்ல வந்தேன். அவன் எங்கள் பக்கத்து அரசியல்வாதி. இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஓடிவந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருக்கிறான். ஏற்றுக்கொள்ளாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனுடைய காகிதமெல்லாம் வீட்டோடு எரிந்துபோயின. அவன் யார், என்ன பட்டான் என்று கண்ணால் கண்டு சொல்ல மிச்சமிருப்பவள் நான் ஒருத்தி.

விமான நிலையத்தில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெரிய கறுப்புக் கோட்டுக்குள் கழுத்து மட்டும் தெரிந்தது. ஊரில் அவன் நடந்து போனால் பின்னால் பத்துப் பேர் போவார்கள். இங்கே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறான். “அக்கா, குளிருதா?” என்றான். குளிர் இல்லை என்றேன். பல் தந்தியடித்தது, அவன் சிரித்தான்.

அவன் குடியிருப்பது அஜின்கோர்ட் என்கிற இடத்தில். மகேஸ்வரியின் வீட்டு அடித்தளத்தில் ஓர் அறை. மகேஸ் யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. மறுநாள் காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். தேங்காய்ப் பாலும் புளிப்பும் எங்கள் ஊர் மீன் குழம்பின் வாசனையில் இருந்தன. மூன்று இடியப்பம் அதிகமாகவே சாப்பிட்டுவிட்டேன்.

“பிஜியிலை தமிழர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாதக்கா. என்ன சாப்பிடுறனீங்கள் அங்கை?”

“மரவள்ளிக் கிழங்கும் மீனும்.”

“அப்ப நீங்கள் எங்கடை ஆக்கள்தான்” என்று இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினாள்.

அன்றைக்குத் தம்பி கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைப் பலகையெல்லாம் தமிழில் இருந்தது. தெருவோடு போகும்போதே எனக்குப் படிக்க முடிந்தது இதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். ‘ரொறன்ரோ’ என்று ஒரு பலகையில் இருந்தது. அது யாருடைய பெயர் என்று கேட்டேன். “நாம வந்திருக்கற ஊர்தான் அக்கா. இவங்க எழுதறது இப்படி” என்றான் தம்பி. ஒரே எழுத்துத்தான், இவர்கள் வேறு மாதிரிக் கூட்டுகிறார்கள் என்று அப்போது விளையாட்டாக நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தம்பியைக் கேட்டேன். பிரெஞ்சு பேசுகிற மாகாணம் தனி நாடாகப் போகலாமா என்று வோட்டெடுப்பு நடக்கப் போகிறதாம். ஒருத்தி சொன்னாளாம்: “போகட்டும். ஆனால் கடனில் பாதியையும் தூக்கிக்கொண்டு போகட்டும்.” நாடு பிரிவதை இவர்கள் மருமகள் தனிக்குடித்தனம் போகிற மாதிரி பஸ்ஸில் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் 87-இல் பட்டாளம் வந்து ஆட்சியைப் பிடித்த அன்றைக்கு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

மகேஸின் வீட்டிலும் யாருக்கும் நிம்மதி இல்லை. அவளுடைய ஊரில் அந்த வாரம் பெரிய சண்டை. அவளுடைய தாயார் எங்கே இருக்கிறார் என்று தகவல் இல்லை. வேலையிலிருந்து வந்ததும் ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சமைப்பாள். தொலைபேசியில் யாரிடமோ, “இயக்கம் பின்வாங்குதாமோ, சனம் எல்லாம் வெளிக்கிட்டுட்டுதாமோ” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவளுக்கு ஆறுதலாக ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேச்சு வராதவள் பேசினால் இப்படித்தான் ஆகும்.

“எங்க தம்பியும் இருபது வயசிலிருந்து இயக்கத்துலதான் இருந்தான் மகேஸ். கூட்டமெல்லாம் எங்க வீட்டிலதான் நடக்கும். நான்தான் டீ போட்டுக் கொடுப்பேன்” என்றேன்.

மகேஸ் குழாயை மூடினாள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, “என்னட்டைச் சொன்னது காணும் அக்கா. வேறை ஒருத்தரிட்டையும் வாய் திறந்திடாதேங்கோ” என்றாள்.

இந்த ஊரில் பெருமை பேசினால் மரியாதைக் குறைவு போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் என் தம்பியை, “அண்ணை, சாப்பிட்டியளோ” என்று எழுந்து நின்று கேட்க ஆரம்பித்தாள். “இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்று அவன் என்னைக் கேட்டான்.

நாலாவது நாள் வக்கீலிடம் போனோம். உயரமான வெள்ளைக்காரப் பெண், மேசையில் பாதி கடித்த ஆப்பிள். தம்பியைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள். நான் தமிழில் சொல்ல, அவனே இங்கிலீஷில் சொன்னான். தன் கதையைத் தானே சொல்ல அவனுக்கும் கூச்சம், சில இடத்தில் நான் சொன்னதைக் குறைத்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

சொன்னது இதுதான். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் அவன் ஒருத்தன். கரும்பு வெட்டுகிற கேங்கில் வேலை செய்துகொண்டே, மில்லுக்கு மனு எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதிக்கொடுப்பான். அப்படித்தான் கரும்புக்காரர்கள் இயக்கத்தில் இருபது வயதில் சேர்ந்தான், இருபத்தாறில் செக்ரட்டரி ஆனான். பிறகு வட்டாரக் கவுன்சிலில் மெம்பர், அப்புறம் அதற்கே தலைவர். பாராளுமன்றத்துக்கு இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றான். தோற்ற மறுநாள் காலையில் வழக்கம்போல மனு எழுத உட்கார்ந்துவிடுவான். எங்கள் பக்கத்து ஆற்றுக்குப் பாலம் வந்தது அவனால்தான். மந்திரி வந்து நாடா வெட்டினார். தம்பி கூட்டத்தின் கடைசியில் நின்றான், வேட்டியில் சேறு.

87-இல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அந்த வருஷம் கரும்பு வெட்டமாட்டோம் என்று சொன்னவர்களில் அவன் முன்னால் நின்றான். பிடித்துக்கொண்டு போய் ஒரு பழைய கிடங்கில் அடைத்தார்கள். வெளியே வந்தபோது இடது கையை முழங்கை உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. பிறகும் சும்மா இருந்தானா. மறுபடியும் எலெக்‌ஷனில் நிற்கப் போகிறேன் என்றான். வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். யார் வைத்தது என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

வக்கீல் எல்லாம் எழுதிக்கொண்டாள். விசாரணையில் தம்பி எனக்கு மொழிபெயர்க்கக் கூடாது, அவர்களே ஆள் கொடுப்பார்கள், எந்த மொழி என்று கேட்டாள்.

“இந்தின்னு போட்டுடலாம் அக்கா. நாம நாள் பூரா பேசறதுதானே” என்றான் தம்பி.

நான் மாட்டேன் என்றேன். வாழ்நாளில் ஒரு தடவை சர்க்கார் முன்னால் பேசப் போகிறேன், என் பெயரைக்கூட எழுதத் தெரியாத பாஷையில் எப்படிப் பேசுவது? தமிழ் என்றே போடச் சொன்னேன். நான் பிடிவாதம் பிடிக்கிறவள் இல்லை. பிடித்த ஒரு தடவையும் இப்படி ஆனது.

விசாரணை நாள் காலையில் பஸ், அப்புறம் பாதாள ரயில். ரயில் மாறுகிற இடத்தில் தம்பி முன்னால் ஏறினான். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு கால் எடுத்து வைப்பதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து அவன் ஏதோ கத்துகிறான், எனக்குக் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது. காகிதப் பையெல்லாம் என் கையில்.

எனக்கு அழுகை முட்டியது. படி ஏறிப் போகலாமா, அடுத்த ரயிலில் ஏறலாமா என்று ஒன்றும் புரியவில்லை. மாவு படிந்த உடுப்போடு ஒருவர் கிட்ட வந்தார், பேக்கரி வேலைக்காரர் போல. “அம்மா தமிழோ?” என்றார். நடந்ததைச் சொன்னேன்.

“அசையாதேங்கோ. நீங்கள் அவரைத் தேடிப் போக, அவர் உங்களைத் தேடி வர, பொழுதுபடும் வரைக்கும் உதுதான் நடக்கும். இதிலையே நில்லுங்கோ, நானும் நிக்கிறன்.”

அவருடைய ரயில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது வரும்போது எதிர்ப்பக்க ரயிலில் தம்பி வந்து இறங்கினான். அவனைப் பார்த்ததும் அந்த மனிதர், “பிடியுங்கோ உங்கடை அக்காவை, ஒண்டும் குறையேல்லை” என்று சொல்லிவிட்டு ஓடி ஏறிக்கொண்டார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கோர்ட்டு என்றால் கூண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு சாதாரண அறை, நீள மேசை, தண்ணீர் ஜாடி, பேச்சைப் பதிகிற கேசட் பெட்டி. தீர்ப்புச் சொல்கிறவர்கள் இரண்டு பேர். மொட்டைத் தலையோடு ஓர் ஆண், பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நாற்பது வயது யாழ்ப்பாணத்துக்காரர். கண் இரண்டும் சிவந்திருந்தன. மகேஸின் கண்ணும் அந்த வாரம் அப்படித்தான் இருந்தது.

“நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ அம்மா?”

“விளங்குதுங்க.”

“நீங்கள் கதைக்கிறதும் எனக்கு விளங்குது” என்று சொல்லி, அதை அவர்களுக்கும் இங்கிலீஷில் சொன்னார். கேசட் சுற்ற ஆரம்பித்தது.

வக்கீல் முதல் கேள்வி கேட்டாள். தம்பி பொது வாழ்க்கைக்கு எப்போது வந்தான்?

“இருபது வயசுல இயக்கத்துல சேர்ந்தான்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டு இங்கிலீஷில் சொன்னார். பச்சைச் சட்டைக்காரியின் பேனா நின்றது. தம்பி பாதி எழுந்தான். வக்கீல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மொட்டைத் தலைக்காரர் அவனிடம் ஏதோ கறாராகச் சொன்னார், உட்கார்ந்துவிட்டான். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மேல் தப்பில்லை என்று இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

“இயக்கத்திலை அவர் என்ன பொறுப்பிலை இருந்தவர் எண்டு கேக்கினம்.”

“செக்ரட்டரி. ஆள் சேர்க்கறதும் அவன்தான். வீடு வீடாப் போய் வாலிபப் பிள்ளைங்களைச் சேர்த்தான்.”

மொட்டைத் தலைக்காரர் முன்னுக்குச் சாய்ந்தார்.

“இயக்கத்திட்டை ஆயுதம் இருந்ததோ?”

“இருந்ததுங்க. எல்லார் வீட்டிலயும் இருந்தது. கத்தி, கோடாலி, மம்பட்டி. புதுசா வர்ற ஆளுக்குக் கத்தி வாங்கிக் கொடுக்கறதே தம்பிதான். வருஷத்துக்கு ஒரு தரம் எல்லா ஆயுதத்தையும் எங்க வீட்டுல அடுக்கி, பொட்டு வச்சு…”

அந்த இடத்தில் கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து, பெட்டி டக்கென்று நின்றது. மொட்டைத் தலைக்காரர் கையைக் காட்டினார். பதிவாகாமல் யாரும் பேசக் கூடாதாம். அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். அதற்குள் நான் தம்பியைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். இடது கை முகத்துக்கு எட்டாது, தலையை அதை நோக்கிச் சாய்த்திருந்தான். கேசட் மறுபடி சுற்றியதும் மொழிபெயர்ப்பாளர் மிச்சத்தைச் சொன்னார். அதில் ‘நைஃப்’ என்கிற சொல் எனக்குத் தெரிந்தது. வக்கீல் பத்து நிமிஷம் இடைவேளை கேட்டாள்.

வெளியே நடையில் வைத்துத் தம்பி சொன்னான்.

“அக்கா, என்ன பேசினே தெரியுமா? நான் ஆயுதப் படையில இருந்தேன், பசங்களைப் பிடிச்சுச் சேர்த்தேன், கத்தி சப்ளை பண்ணினேன், எல்லாம் பதிவாயிடுச்சு.”

“நான் கரும்பு இயக்கத்தைத்தானே சொன்னேன்?”

“இங்க இயக்கம்னா துப்பாக்கி. கரும்பு இல்ல. அவங்க ஊருல இயக்கம்னா ஒண்ணே ஒண்ணுதான்.”

அப்போதுதான் மகேஸ் குழாயை மூடியது எதற்கென்று எனக்கு விளங்கியது. சுவரோடு இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுதப் படையில் இருந்தவன் என்று நம்பிவிட்டால், என்ன பட்டான் என்பதையே கேட்கமாட்டார்களாம், அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம். வக்கீல் வந்தாள். இன்றைக்கு நிறுத்திவிட்டு வேறு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், ஆனால் அடுத்த தேதி கிடைக்க எத்தனையோ மாதம் ஆகும் என்றாள். எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி ஆறு வாரம்தான். நான் போய்விட்டால் அவனுக்குச் சாட்சியே இல்லை.

“நானே உள்ள போய்ச் சொல்றேன்” என்றேன். தம்பி என்னை அதிசயமாகப் பார்த்தான். கல்யாண வீட்டில் பந்திக்கு நானாகப் போய் உட்கார்ந்ததை அவன் பார்த்ததில்லை.

உள்ளே போனதும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே சொன்னேன். “ஐயா, நான் சொன்ன இயக்கம் உங்க இயக்கம் இல்ல. எங்களுக்குச் சங்கம்னா பள்ளிக்கூடமும் கோயிலும் நடத்தற சங்கம். அந்தப் பேரு அதுக்குப் போயிட்டதால கரும்புக்காரங்க கூடினதுக்கு இயக்கம்னு பேர் வச்சோம். கத்தி கரும்பு வெட்டற கத்தி. ஆயுதம்னு சொன்னது ஆயுத பூஜைக்கு வைக்கறது.”

அவர் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தான் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்தார். நான் பயந்துபோனேன். அவர் தான் சொன்னதுதான் சரி என்று சாதித்தால் எங்கள் பக்கம் பேச யாரும் இல்லை. பிறகு தலை குனிந்தபடி இங்கிலீஷில் சொன்னார். மொட்டைத் தலைக்காரர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா, நீங்கள் என்ன பிழை விட்டனீங்கள் எண்டு கேக்கினம்.”

“நான் ஒரு பிழையும் விடலீங்களே.”

இது எப்படி வந்தது என்று தம்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் விளக்கினான். மொழிபெயர்க்கிறவர் என் பேச்சை ‘நான்’ என்றே சொல்ல வேண்டுமாம். அவர், நான் பிழை விட்டுவிட்டேன் என்று தன்னைச் சொன்னது, என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. என் பதிலைக் கேட்டதும்தான் அவருக்கும் அது தெரிந்தது. பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, மறுபடியும் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் திரும்பி, “மம்பட்டி எண்டால் மண்வெட்டிதானே அம்மா?” என்கிற மாதிரி, அவர்களிடம் அனுமதி வாங்கிக் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

பச்சைச் சட்டைக்காரி கத்திக்கு எதற்குப் பூஜை என்று கேட்டாள். “வருஷம் பூரா வெட்டுது, அன்னிக்கு ஒரு நாள் அதை யாரும் எடுக்கக் கூடாது” என்றேன். எழுதிக்கொண்டாள். முதல் தடவையாக மூச்சு வந்தது எனக்கு.

அதோடு முடிந்திருக்கலாம். கடைசியில் மொட்டைத் தலைக்காரர் ஒரு தாளைப் புரட்டினார்.

“கிடங்கிலை எத்தினை நாள் வைச்சிருந்தவை?”

“பதினொரு நாள்.”

“அவர் பன்னிரண்டு எண்டு எழுதியிருக்கிறார். வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“பதினொண்ணுதாங்க. நான்தான் தினம் சாப்பாடு கொண்டுபோனேன்.”

அவர் அந்தத் தாளில் ஒரு கோடு போட்டார். தீர்ப்பு இப்போது இல்லை, மூன்று வாரத்துக்குள் சாட்சி தன் கையால் தன் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், இயக்கம் என்றால் என்ன, நாள் கணக்கு எது சரி, இரண்டையும் எழுத வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் எங்களோடு பேசக் கூடாதாம். வெளியே போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தாண்டும்போது மெதுவாக, “வெளியிலை காத்து அடிக்குது, காதை மூடுங்கோ அம்மா” என்றார்.

அதன் பிறகு ஒரு வாரம் நான் எங்கும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்தது. மகேஸ் கூப்பிட்டுக் காட்டினாள். மில்லிலிருந்து எங்கள் துணி மேல் விழுகிற கரும்புச் சாம்பல் போலவே விழுந்தது, ஆனால் வெள்ளையாக. அவளுடைய தாயார் பத்திரமாக ஒரு கோயிலில் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தகவல் வந்தது. புட்டு அவித்து எல்லோருக்கும் கொடுத்தாள். இயக்கம் பற்றி நான் அவளுக்கும் விளக்கிச் சொன்னேன். “அப்ப அண்ணை கரும்போ?” என்று கேட்டாள். அதற்கப்புறம் அவனைக் கண்டு எழுந்து நிற்பதை விட்டுவிட்டாள்.

இயக்கத்தைப் பற்றி எழுதிவிட்டேன். நாள் கணக்கில் வந்து பேனா நின்றது.

“பன்னெண்டுன்னு எழுதிடு அக்கா. வயசாச்சு, மறந்துட்டேன்னு ஒரு வரி போடு. நம்புவாங்க” என்றான் தம்பி.

“நான் மறக்கலை.”

“அப்ப எப்படிப் பதினொண்ணு வரும்? மொத நாள் நீ கொண்டாந்த சோத்தை அவனுங்க தின்னுட்டானுங்க. மீதி பதினோரு நாள் எனக்கு வந்தது. அதைத்தான் நானும் எழுதிக் கொடுத்திருக்கேன்.”

அவன் அதை எழுதிக் கொடுத்தது மட்டுமில்லை. வெளியே வந்த பிறகு பேசின கூட்டத்திலெல்லாம் சொல்வான். என் அக்கா கொண்டுவந்த சோற்றைத் துப்பாக்கிக்காரன் தின்றான் என்று. சனம் கை தட்டும். நானும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் நான் கிடங்குக்குப் போகவில்லை. பாலம் வரைக்கும் போனேன். அந்தப் பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தன் என்னைக் கையால் கூப்பிட்டான். எனக்குக் கால் வரவில்லை. சோற்றையும் குழம்பையும் ஆற்றில் கொட்டிவிட்டு, காலி அடுக்குப் பாத்திரத்தோடு திரும்பிவிட்டேன். தம்பி வெளியே வந்தபோது அவனாகவே அப்படி நினைத்துக்கொண்டான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எட்டு வருஷம் சொல்லவில்லை.

அவன் சொன்னபடி எழுதினால் நான் மறதிக்காரி, அவ்வளவுதான். உள்ளதை எழுதினால் நாள் கணக்கு நேராகிவிடும். ஆனால் அவன் எழுதிக் கொடுத்ததில் ஓர் இடம் பொய்யாகிவிடும். ஒரு பொய் கண்டுபிடித்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்று வக்கீல் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் யோசித்தேன். ஏற்கெனவே என் ஒரு சொல்லால் அவன் படுகுழிக்குப் போய் வந்தான். இன்னொரு சொல்லை நான் அவனுக்குத் தெரியாமல் காகிதத்தில் வைக்கக் கூடாது. எழுதி முடித்து, அவனை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது.

“முதல் நாள் நான் பயந்து பாலத்தோடு திரும்பிவிட்டேன். என் தம்பிக்கு அது தெரியாது. காவல்காரர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்று அவன் நம்பினான். அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் சொல்லாமல் இருந்தேன். அவன் இருந்தது பன்னிரண்டு நாள்” என்று இருந்தது.

அவன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் திட்டினால் வாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

“அன்னிக்கு என்ன குழம்பு?” என்றான்.

“மீன்.”

தலையை ஆட்டினான். நல்ல கையை அவனே முதலில் கோட்டுக்குள் விட்டான், மற்றக் கையை நான் பிடித்து விட்டேன். “காலைல வக்கீலுக்குப் போஸ்ட் பண்ணிடலாம்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.

போஸ்ட் பண்ணியாகிவிட்டது. பதில் வரவில்லை. மூன்று வாரக் கெடுவில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் யாராவது இந்த நாட்டில் இருந்து, தமிழ் படிக்கத் தெரிந்து, இது கண்ணில் பட்டால், நான் எழுதியதைச் சரிபார்த்து இந்தப் பேப்பருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், வக்கீலிடம் சேர்ப்பார்கள். கரும்புக்காரர்கள் கூட்டத்தை நீங்களும் இயக்கம் என்றுதானே சொன்னீர்கள்? துரைசாமி செக்ரட்டரி ஆனது இருபத்தாறு வயதிலா, இருபத்தேழிலா? கிடங்கில் வைத்திருந்தது பன்னிரண்டு நாள்தானா? பாலத்துக்கு நாடா வெட்டின மந்திரி யார் என்று எனக்கு மறந்துவிட்டது, அதுவும் தெரிந்தால் நல்லது. சாப்பாடு பதினொரு நாள். அதைச் சரிபார்க்க வேண்டாம், அது எனக்குத் தெரியும்.